வில்லா டே லேய்வா: சதுக்கத்தோடு திரும்பிவிடாதீர்கள்

கொலம்பியாவின் பொயாக்கா மாநிலத்தில், சுமார் 2,150 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரை ஸ்பானியர்கள் 1572இல் நிறுவினார்கள். கோதுமையும் மாவு ஆலைகளும் கொழித்த காலம் ஒன்று இருந்தது. மண் வளம் குன்றியதும் ஊர் நொடித்துப்போனது, பெருஞ்சாலையும் ஒதுங்கிப்போனது. இடித்துக் கட்ட அவசியமே வராததால் வெள்ளைச் சுவர்களும் பச்சை மரக் கதவுகளும் ஓட்டுக் கூரைகளும் பிழைத்தன. 1954இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள்.

தலைநகர் பொகோட்டாவின் சலித்ரே பேருந்து நிலையத்திலிருந்து நேரடி வண்டிகள் குறைவு. அதற்குக் காத்திருப்பதைவிட, பொயாக்காவின் தலைநகரான துன்ஹாவுக்கு அடிக்கடி கிளம்பும் பேருந்தைப் பிடித்து, அங்கே சிற்றுந்து மாறுவது மேல். துன்ஹாவிலிருந்து சுமார் 40 கி.மீ. மொத்தம் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பொகோட்டாவைத் தாண்டும் நெரிசல்தான் கணக்கைக் கெடுக்கும். இருட்டிவிட்டால் சிற்றுந்தை நம்ப முடியாது.

பெரிய சதுக்கம் ஏறத்தாழ 14,000 சதுர மீட்டர். மரமில்லை, புல்வெளியில்லை, நடுவில் சின்ன நீரூற்று, ஒரு பக்கம் தேவாலயம், மிச்சமெல்லாம் கரடுமுரடான கல். சக்கரப் பெட்டி உருளாது. முதுகுப் பைதான் சரி. அடி தடித்த ஷூ இல்லையென்றால் கணுக்கால் பிசகும். சனி, ஞாயிறில் தலைநகரமே இங்கே இறங்கிவிடும், அறை வாடகையும் ஏறும். திங்களன்று அருங்காட்சியகங்கள் பலவும் பூட்டிக் கிடக்கும். புதன், வியாழன் தோது.

ஆனால் இந்த ஊரின் உண்மையான சொத்து ஊருக்கு வெளியே, மேற்கே கிடக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் கடலடி. 1977இல் விவசாயிகள் கண்டெடுத்த கடல் ஊர்வனத்தின் எலும்புக்கூட்டைப் பெயர்க்காமல், அதன் மேலேயே எல் ஃபோசில் அருங்காட்சியகத்தைக் கட்டிவிட்டார்கள். வயது சுமார் 11 கோடி ஆண்டு. ஊரிலிருந்து 6 கி.மீ.தான், சைக்கிளில் போகலாம். வழியில் நிழல் கிடையாது. காற்று குளிர்வதால் வெயில் உறைக்காது, தோல் கருகிய பிறகுதான் தெரியும். காலையிலேயே கிளம்புங்கள், தண்ணீர் அவசியம்.

அதே பக்கம் எல் இன்ஃபியர்னீட்டோ: இப்பகுதியின் பழங்குடிகளான முயிஸ்கா மக்கள் சூரியனைக் கணித்துப் பருவம் அறிய நட்ட கல்தூண்கள். இன்னும் தள்ளி, 1620இல் தொடங்கிய எக்சே ஓமோ மடம். அதன் தரைக் கற்களில் அம்மோனைட் எனும் அழிந்துபோன கடலுயிரியின் ஓட்டுச் சுருள்கள் அப்படியே பதிந்திருக்கின்றன. குனிந்து பாருங்கள், பலர் பலிபீடத்தைப் படமெடுத்துவிட்டு மிதித்துப் போய்விடுகிறார்கள். இவ்வளவு தூரத்துக்கு டாக்சியைப் பேசிக்கொள்வது நல்லது. காத்திருப்புக்கும் சேர்த்து முன்கூட்டியே விலை பேசுங்கள்.

இகுவாக்கே ஏரி 3,600 மீட்டருக்கு மேல். வந்த மறுநாளே ஏறினால் மூச்சு வாங்கும். பாதை சில சமயம் மூடியிருக்கும், விசாரித்துவிட்டுப் போங்கள். மண்பாண்ட ஊரான ராக்கிராவுக்கு அரை நாள் போதும். பானை வாங்கினால் கைப்பையில் வையுங்கள்.

வழியில் யாராவது புதைபடிவம் விற்றால் வாங்காதீர்கள். சட்டப்படி அவை அரசின் சொத்து, அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது.