பிளேடை ஸ்மாஷ் அடித்து எடை போடாதீர்கள்

புது டேபிள் டென்னிஸ் பிளேடு (பேட்டில் ரப்பர் ஒட்டும் மரப்பலகை) கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் செய்வது, ஃபோர்ஹேண்டில் நாலு பந்தை ஓங்கி அடித்துவிட்டு "செம ஸ்பீடு" என்பதுதான். அதில் தெரிவது பாதி ரப்பரின் வேகம், மீதி உங்கள் கையின் வேகம். பிளேடின் குணம் மெதுவான பந்தில்தான் தெரியும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒப்பிடும் பிளேடுகள் எல்லாவற்றிலும் ஒரே ரப்பர், அதன் அடியில் ஒரே ஸ்பாஞ்ச் தடிமன் இருக்க வேண்டும். ஒன்றில் டெனர்ஜி 05 ரப்பர், இன்னொன்றில் ஹரிக்கேன் 3 ரப்பர் ஒட்டிக்கொண்டு எது வேகம் என்று கேட்டால் பதிலே கிடையாது. முடிந்தால் அதே ரப்பரை உரித்து அடுத்த பிளேடில் ஒட்டுங்கள். இப்போதைய தண்ணீர்ப் பசையில் அது பெரிய வேலை இல்லை.

நான் பட்டர்ஃபிளை கம்பெனியின் மூன்று பிளேடுகளை வைத்துச் சொல்கிறேன்: கொர்பெல், விஸ்காரியா, இன்னர்ஃபோர்ஸ் லேயர் ஏஎல்சி. கொர்பெல் வெறும் மரம், ஐந்து அடுக்கு. மற்ற இரண்டிலும் ஐந்து மர அடுக்கோடு அரிலேட் என்ற செயற்கை நாரும் கார்பனும் சேர்ந்த நார் (ஏஎல்சி) இரண்டு அடுக்கு. விஸ்காரியாவில் அந்த நார் மேல் அடுக்கான கோட்டோ மரத்துக்கு அடியிலேயே இருக்கிறது, இன்னர்ஃபோர்ஸில் உள்ளே போய் நடு மரத்தை ஒட்டி இருக்கிறது. விதிப்படி பிளேடின் தடிமனில் 85 சதவீதமாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும், ஒரு நார் அடுக்கு 7.5 சதவீதத்தையோ 0.35 மி.மீ.யையோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. அவ்வளவு மெல்லிய சமாச்சாரம், இடம் மாறினால் ஆட்டமே மாறுகிறது.

முதல் சோதனை, எதிராளியின் பேக்ஸ்பின் (பின்பக்கமாகச் சுழலும்) சர்வைச் சும்மா தொட்டு நெட்டுக்கு அந்தப் பக்கம் குட்டையாக வைப்பது. எதிர்ப்பக்கப் பாதி மேசை 1.37 மீட்டர் நீளம். அதற்குள் பந்து இரண்டு முறை குத்த வேண்டும். கொர்பெலில் இது தானாக வருகிறது. இன்னர்ஃபோர்ஸும் கிட்டத்தட்ட அப்படித்தான், மென்மையாகத் தொட்டால் உள்ளே கார்பன் இருப்பதே தெரியாது. விஸ்காரியாவில் கை கொஞ்சம் இறுகினாலும் இரண்டாவது குத்து மேசைக்கு வெளியே போய்விடும், எதிராளி காத்திருந்து லூப் (முன்சுழற்சி ஏற்றி இழுத்து அடிப்பது) போட்டுவிடுவார்.

அடுத்தது பிளாக். ஒருவரை ஒரே சீராக டாப்ஸ்பின் (முன்சுழற்சிப் பந்து) போடச் சொல்லிவிட்டு, பேட்டை ஆட்டாமல் வெறுமனே காட்டிக்கொண்டு நில்லுங்கள். பந்து எங்கே விழுகிறது என்பதுதான் உண்மையான வேகம், ஏனென்றால் உங்கள் கை அதில் எதையும் சேர்க்கவில்லை. விஸ்காரியாவில் பந்து ஆழமாக, கடைசிக் கோட்டுப் பக்கம் போய் விழும். கொர்பெலில் நடு மேசை. ஆனால் எதிராளி பலமாக இழுக்க ஆரம்பித்ததும் கொர்பெல் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது, பேட்டின் ஓரத்தில் பட்ட பந்து செத்து விழுகிறது. விஸ்காரியா அங்கே அசையாமல் நிற்கிறது. இதனால்தான் "கன்ட்ரோல் 85" மாதிரி ஒற்றை எண்ணை நான் நம்புவதில்லை. குட்டைப் பந்தில் கன்ட்ரோல் தருகிற பிளேடு வேறு, வேகமான பிளாக்கில் தருவது வேறு. போதாததற்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் அளவுகோலில் மதிப்பெண் போடுகிறது. ஒன்றின் 10 இன்னொன்றின் 10 இல்லை.

அப்புறம் இந்த 'ஃபீல்'. பந்து பேட்டில் நிற்கிறது, பிடித்து வைத்து விடுகிறது என்றெல்லாம் சொல்கிறோம். உண்மையில் பந்து பேட்டைத் தொட்டிருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். கைக்குச் சேதி வருவதற்குள் பந்து கிளம்பிப் போய்விட்டது. நாம் உணர்வது அதற்குப் பிறகு கைப்பிடியில் ஓடும் அதிர்வையும் காதில் விழும் சத்தத்தையும். ஆனாலும் அது வெறும் பிரமை இல்லை. பந்து நடுவில் பட்டதா, ஓரத்திலா, அழுத்தி அடித்தோமா, உரசினோமா என்று கைக்கு அந்த அதிர்வுதான் சொல்லித் தருகிறது. கொர்பெலின் லிம்பா மரம் இதைத் தாராளமாகச் சொல்லும். விஸ்காரியாவில் அரிலேட் அதிர்வை விழுங்கிவிடுகிறது, சத்தமும் கூர்மை. கை பழகியவர்களுக்கு அது சுத்தமாக இருக்கும். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அந்தச் சேதி அவசியம், அதனால்தான் டாப்ஸ்பின் நன்றாக நிலைக்கும் வரை ஐந்து அடுக்கு மர பிளேடே போதும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். உலக சாம்பியன் கையில் இருப்பது அவருக்குச் சரி.

பழைய விமர்சனங்களைப் படிக்கும்போது தேதியைப் பாருங்கள். 2014-க்கு முன்னால் எழுதியது என்றால் அது இப்போதைய பிளாஸ்டிக் பந்தில் இல்லை, பழைய செல்லுலாய்டு பந்தில் விளையாடியது. 2008-க்கும் முன்னால் என்றால், தடை வருவதற்கு முந்தைய ஸ்பீடு குளூவின் (ரப்பரைத் துள்ள வைக்கும் பசை) துள்ளலும் அதில் கலந்திருக்கலாம்.

என்னைக் கேட்டால், மேசைக்கு ஒட்டி நின்று பிளாக்கும் கவுண்டரும் (வரும் அடியைத் திருப்பி அடிப்பது) ஆடுகிறவருக்கு விஸ்காரியா, ஓரடி பின்னால் நின்று லூப்பை நம்பி ஆடுகிறவருக்கு இன்னர்ஃபோர்ஸ். வாங்கும்போது கடையில் தராசு இருந்தால் கட்டாயம் நிறுத்துப் பாருங்கள். ஒரே மாடலில் ஒன்று 85 கிராம், இன்னொன்று 91 கிராம் என்று வரும், கனமான ரப்பர் ஒட்டினபின் அந்த ஆறு கிராம் பேக்ஹேண்டில் நன்றாகவே தெரியும்.