407 வண்டியின் பார்க்கிங் லைட் ஷார்ட்டும் பியூஸ் இடத்தில் மாட்டிய ஹெட்லைட் பல்பும்

நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாகத் தேடிக்கொண்டிருந்த ஷார்ட் (ஒயரின் செம்பு வண்டியின் இரும்பில் பட்டு மின்சாரம் குறுக்கு வழியில் பாய்வது) நேற்று மாலை பிடிபட்டது. பார்க்கிங் லைட் சுவிட்சைப் போட்ட உடனே 8 ஆம்பியர் பியூஸ் போய்விடும். சில நாட்களில் அரை மணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டு, வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது போகும். நிலையாக இருக்கும் ஷார்ட்டைக் கண்டுபிடிப்பது எளிது. இப்படி வந்து வந்து போகும் ஷார்ட்தான் ஆளைப் படுத்திவிடுகிறது.

வண்டி 1993 மாடல் டாடா 407 சிறு லாரி. என்னிடம் வருவதற்கு முன் கடலூர் முதுநகரிலிருந்து பல வருடங்கள் மீனும் ஐஸும் ஏற்றிய வண்டி. மீன் பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக இறங்கி, சேசிஸின் (வண்டியின் அடிக்கூட்டின்) இடப்புறச் சட்டத்தை ஒட்டிப் பின்னால் போகும் ஒயர் கட்டின் மேல்தான் இத்தனை காலமும் சொட்டியிருக்கிறது. டீசல் எஞ்சின் ஓடுவதற்குத் தீப்பொறி தேவையில்லை என்பதாலும், கேபிளை இழுத்து எஞ்சினை நிறுத்தும் ஏற்பாடு இதில் இருப்பதாலும், ஒயரிங் பாதி கெட்டுப்போன நிலையிலும் வண்டி லோடு அடித்துக்கொண்டேதான் இருந்தது. அதனாலேயே இதை யாரும் முறையாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பியூஸ் பெட்டியைத் திறந்தபோது, முன்பு வேலை பார்த்த யாரோ ஒருவர் போன பியூஸின் மேல் செம்புக் கம்பி இழைகளைச் சுற்றி வைத்திருந்ததைக் கண்டு உண்மையிலேயே கோபம் வந்தது. பியூஸ் உருகுவதற்குப் பதிலாக ஒயரின் உறை உருகி, கேபினுக்குள் மூன்று ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. இரவில் ஓட்டுநர் உறங்கும் கேபின் அது. தயவுசெய்து யாரும் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

முதல் இரண்டு வாரங்களை, மின்தடை மிகக் குறைவாக இருந்தால் மல்டிமீட்டர் எழுப்பும் பீப் சத்தத்தை நம்பி வீணாக்கினேன். எரியாத பல்பின் இழைக்கு மின்தடை மிகக் குறைவு. 21 வாட் பல்பு எரியும்போது ஏறக்குறைய 7 ஓம் இருக்கும். குளிர்ந்திருக்கும்போது ஒரு ஓம்கூட இருக்காது. நான்கைந்து பல்புகள் இணையாக மாட்டியிருக்கும் சர்க்யூட்டில் மீட்டரை வைத்தால், ஷார்ட் இல்லாவிட்டாலும் அது கத்தத்தான் செய்யும். பல்புகளைக் கழற்றிவிட்டு வைத்தால், வண்டி அசையாமல் நிற்கும் வேளையில் ஷார்ட்டே தெரிவதில்லை.

அதன் பிறகுதான் பியூஸைக் கழற்றிவிட்டு, அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே பல்பு மாட்டிப் பார்க்கும் வழிக்கு வந்தேன். இந்த முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், எந்தப் பல்பை மாட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் கையில் கிடைத்த 21 வாட் பிரேக் பல்பை மாட்டினேன். பின்னால் இரண்டு, முன்னால் இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு ஒன்று, டேஷ்போர்டு பல்புகள் என்று சர்க்யூட்டின் மொத்தச் சுமையே 30 வாட்டுக்குப் பக்கம் வருகிறது. ஆகவே ஷார்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 21 வாட் பல்பு நன்றாகவே எரிந்தது, வித்தியாசம் பிடிபடவில்லை. அதை எடுத்துவிட்டு, பழைய ஹெட்லைட் பல்பின் 60 வாட் இழையை மாட்டியதும் நிலைமை தெளிந்தது. சுமை மட்டும் இருக்கும்போது அது அடுப்புக் கங்குபோல மங்கலாகச் சிவந்திருக்கும். ஷார்ட் ஆன கணத்தில் முழு வெளிச்சத்துக்கு வந்துவிடும். அப்போதும் 5 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் போக வழியில்லை என்பதால் ஒயர் எரியாது, பியூஸ் செலவும் இல்லை. தேடும் பல்பு, சர்க்யூட்டின் சுமையைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு வாட் இருக்க வேண்டும் என்பது இதில் எனக்குக் கிடைத்த கணக்கு.

அக்கா மகனைக் கேபினில் உட்காரவைத்து, பல்பையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து, ஒயர் கட்டைச் சாண் சாணாக அசைத்துக்கொண்டே பின்னால் போனேன். மூன்றாவது குறுக்குச் சட்டத்தின் அருகே கை பட்டதும், "மாமா, பளிச்சுன்னு எரியுது! இப்ப மங்கிடுச்சு!" என்று கத்தினான். மீண்டும் அசைத்தேன், மீண்டும் கத்தினான். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே பத்துத் தடவை அசைத்திருப்பேன்.

சட்டத்தின் துளையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. துளையின் விளிம்பு துருப்பிடித்து ரம்பம்போல் ஆகியிருந்தது. சரியாக அந்த விளிம்பின் மேல், எப்போதோ இரண்டு ஒயர்களை முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு இல்லை; விரலில் ஒட்டும் பச்சைக் களிம்புதான் இருந்தது. நல்ல செம்பு வரும்வரை வெட்டலாம் என்று ஓர் அங்குலமாக வெட்டிக்கொண்டே போனேன். உப்புத் தண்ணீர் உறைக்குள்ளேயே ஊறிப் போயிருந்ததால், இரண்டு அடி கழித்த பிறகுதான் பளபளப்பைப் பார்த்தேன். களிம்பேறிய செம்பில் எந்த இணைப்பும் சரியாகப் பிடிக்காது என்பதால் இதில் சமரசத்துக்கு இடமில்லை.

புதிதாக 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டு, அதிர்வுக்குத் தாங்க வேண்டும் என்பதால் இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் செருகி நசுக்கி), சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயில் உள்ளே பசை உள்ள வகையை மேலே ஏற்றினேன். பசை உள்ள வகை திருப்பாதிரிப்புலியூரில் நான் கேட்ட கடைகளில் இல்லை; புதுச்சேரி போய்த்தான் வாங்கிவந்தேன். கடற்கரை ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் சாதாரண வகையை வாங்க வேண்டாம். அதன் இரண்டு முனைகளிலும் ஈரம் நுழையும். துளைக்கு ஏற்ற ரப்பர் வளையம் இன்னும் கிடைக்கவில்லை. தற்போதைக்குப் பழைய டீசல் ஹோஸில் ஒரு துண்டு வெட்டி, பிளந்து, விளிம்பில் மாட்டியிருக்கிறேன். அடுத்த மாதம் சென்னை போகும்போது புதுப்பேட்டையின் பழைய வண்டிப் பாகக் கடைகளில் தேடி எடுக்க வேண்டும். அப்படியே பின் விளக்குக்குக் கண்ணாடி உடையாத ஒரு ஜோடியும் கிடைத்தால் நல்லது.

இரவு பார்க்கிங் லைட்டைப் போட்டு, தேவனாம்பட்டினம் வரை மேடு பள்ளம் பார்க்காமல் ஓட்டித் திரும்பினேன். 8 ஆம்பியர் பியூஸ் அப்படியே இருக்கிறது. நம்பர் பிளேட் விளக்கை மட்டும் இன்னும் இணைக்கவில்லை. அதன் எர்த் ஒயர் போல்ட்டோடு சேர்ந்து துருப்பிடித்திருப்பதால், முதலில் அந்தப் போல்ட்டைக் கழற்ற வேண்டும்.