ஜாக்கி வைத்துத் தூக்கிய வீடும் பள்ளிக்கரணைக் கணக்கும்

எங்கள் தெருவில் போன மாதம் இன்னொரு வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். அஸ்திவாரத்தைச் சுற்றி வரிசையாக ஜாக்கிகளைக் கொடுத்து, நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, வீட்டை அப்படியே மூன்றடி உயர்த்தி, கீழே செங்கல் வைத்துக் கட்டிவிட்டார்கள். 2015 சென்னை வெள்ளத்தைப் பார்த்த மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள், முடிக்கும்போது பல லட்சம் போயிருக்கும். அந்த வீட்டு அக்கா, "நகையை வச்சுத்தான் தூக்கினோம் தம்பி" என்றார்.

எனக்கு அன்று முழுக்க ஒரே யோசனை. அந்த நகைக் கடன், தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இத்தனை காலம் இலவசமாகச் செய்துவந்த வேலைக்கு இப்போது ஒரு குடும்பம் கட்டும் பில்.

தாம்பரம் பக்கத்திலிருந்து மாடம்பாக்கம், செம்பாக்கம், நாராயணபுரம், கீழ்க்கட்டளை என்று ஏரிகள் நிரம்பி வழிந்து வரும் தண்ணீரெல்லாம் கடைசியில் பள்ளிக்கரணையில்தான் வந்து நிற்கும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காடு பக்கம் கடலுக்குப் போகும். கடல் உடனே வாங்கிக்கொள்ளாது, அதற்கு நேரம் வேண்டும். அதுவரை தண்ணீர் பொறுமையாக நிற்க ஒரு அகலமான தட்டு வேண்டும், அந்தத் தட்டுதான் இந்தச் சதுப்பு. ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 1 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 800 லாரிகளுக்கு மேல் வரும். ஒரு ஹெக்டேருக்கே இவ்வளவு! ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த கழுவெளி, அதாவது சதுப்பு, இது. 2007இல் காப்புக்காடாக அறிவித்தபோது கிடைத்தது 317 ஹெக்டேர். 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது எல்லை சுமார் 1,247 ஹெக்டேர்.

மிச்சமெல்லாம் எங்கே போனது? குப்பைக் கிடங்கு, ஐடி கட்டடங்கள், கல்வி நிறுவனங்கள், சாலை, ரயில் பாதை, அப்புறம் எங்களைப் போன்றவர்களின் வீடுகள். நானும் அதில் ஒருவன், ஒளித்துச் சொல்லப் போவதில்லை.

அரசு ஆவணங்களில் இந்த நிலம் கழுவெளி, புறம்போக்கு. பத்திரப்பதிவில் மனைக்கு வழிகாட்டி மதிப்பு உண்டு, சதுப்புக்கு அப்படி எதுவும் கிடையாது. மண் கொட்டி மேடாக்கியதும் ஒரே நாளில் அதற்கு விலை வந்துவிடும். அதாவது வேலை செய்துகொண்டிருக்கும் வரை மதிப்பு பூஜ்யம், அந்த வேலையை நிறுத்தியதும் சதுர அடிக்கு ஆயிரக்கணக்கில். திட்டமிடும் மேசையில் இந்த இரண்டு எண்கள் மட்டும் இருந்தால் எந்த அதிகாரியும் எந்தப் பக்கம் கையெழுத்துப் போடுவார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, கணக்கே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் செலவு நிற்காமல் வேறு தலைப்புகளில் வந்துகொண்டே இருக்கிறது. இதே சதுப்பில், பெருங்குடியில் பல ஆண்டுகளாகக் கொட்டிய குப்பையைத் தோண்டிப் பிரித்து எடுக்க மாநகராட்சி போட்ட திட்டம் சுமார் 350 கோடி ரூபாய். கொட்டும்போது "இலவச நிலம்" என்று நினைத்த இடம்! கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மழைநீர் வடிகால் கட்ட வந்தபோது, இங்கே மணலே தண்ணீரை உறிஞ்சி நிலத்தடிக்கு அனுப்பிவிடுகிறதே, கான்கிரீட் எதற்கு என்று குடியிருப்பவர்களே எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னது முழுக்கப் பொருளாதார வாதம், அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் நக்கிவுபோ என்று ஒரு சதுப்பு இருக்கிறது. நகரத்தின் கழிவுநீர் விக்டோரியா ஏரிக்குப் போகும் முன்பு அதன் வழியாகத்தான் வடிகட்டப்பட்டுப் போகும். 1999இல் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: அது செய்யும் சுத்திகரிப்பு வேலையின் மதிப்பு ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குக் குறையாது. அதை வடித்துவிட்டு சுத்திகரிப்பு நிலையத்தை விரிவாக்கினால் அதைவிட அதிகம் ஆகலாம் என்று தெரிந்தது, விட்டுவைத்தார்கள். இந்தக் கதையைப் பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பிறகு அந்தச் சதுப்பு விவசாயத்தாலும் ஆக்கிரமிப்பாலும் வெகுவாகச் சீரழிந்தது. கணக்கு அறிக்கையில் இருந்தது, ஆண்டு பட்ஜெட்டில் பராமரிப்புக்கு அதற்கென்று பணம் இல்லை என்றால் அப்படித்தான் ஆகும்.

இயற்கைக்கு ரூபாயில் விலை போடலாமா, அது விற்பனைப் பொருளா என்று கோபப்படுபவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. குளிர்காலத்தில் அங்கே வந்து இறங்கும் பூநாரைகளை எந்த விலையில் எழுதுவது? எழுத வேண்டாம். தண்ணீரைத் தாங்கும் வேலையை மட்டுமாவது எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்கும்தான், மூன்றாவது தயாராகிறது. அதில் ஒவ்வொரு ஏரிக்கும் சதுப்புக்கும் நேராக, எத்தனை கோடி லிட்டர் தாங்கும், அதே வேலைக்கு வடிகால் கட்டினால் என்ன செலவு, பராமரிக்க ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்ற மூன்று எண்களும் இருக்க வேண்டும். நில வகைப்பாட்டை மாற்றக் கேட்டு வரும் மனுவோடு இந்தத் தாளும் சேர்ந்து மேசைக்குப் போகட்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது நான் இதைக் கேட்கப் போகிறேன். அந்த அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், வீடு தூக்கிய ரசீதோடு.