ராஸ்பெரித் தண்டும் வாழைக்குட்டியும்: ஸ்காபரோப் பின்வளவில் நான்கு கோடைகள்

இந்த ஜூலையில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், எங்கள் வேலியோர ராஸ்பெரி வரிசை 4 கிலோ 200 கிராம் பழம் தந்தது. அம்மா ஒவ்வொரு நாளும் சமையலறைத் தராசில் நிறுத்து நாட்காட்டியில் குறித்து வைத்த கணக்கு இது. மூன்று மீட்டர் நீளமுள்ள ஒரு வரிசைக்கு நல்ல விளைச்சல்தான். அதே வரிசையில் 2022 ஜூலையில் ஒரு பழம்கூட இல்லை. இடைப்பட்ட காலத்தில் நடந்ததை, ராஸ்பெரி நடலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

2021 மே முதல் வாரத்தில் நட்டேன். இரண்டு வகை, ஒவ்வொன்றிலும் ஆறு கன்று. ஒன்றின் பெயர் போயின் (Boyne). மனிற்றோபாவின் மோர்டன் ஆய்வுநிலையத்திலிருந்து 1960இல் வெளிவந்தது. அந்தச் சமவெளிக் குளிரையே தாங்குகிற செடிக்கு ரொறன்ரோக் குளிர் பெரிதில்லை. மற்றது ஹெரிற்றேஜ், நியூயோர்க் மாநிலத்து ஜெனீவா ஆய்வுநிலையம் 1969இல் வெளியிட்டது. போயின் ஜூலையில் காய்க்கும். ஹெரிற்றேஜ் ஓகஸ்ட் கடைசியில் தொடங்கி உறைபனி விழும்வரை காய்க்கும். இரண்டையும் வைத்தால் ஆண்டுக்கு இரண்டு தடவை பழம் பறிக்கலாம் என்பது என் எண்ணம்.

வளவில் நாள் முழுதும் வெயில் விழுகிற இடம் அம்மாவின் கத்தரிப் பாத்தி. அதைக் கேட்கவே எனக்குத் துணிவு வரவில்லை. கேட்டுக் கிடைத்திருந்தாலும் அது தவறான இடமாகவே இருந்திருக்கும். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு வளர்ந்த மண்ணில் வெர்ட்டிசிலியம் என்ற வாடல்நோய்ப் பூஞ்சணம் பல ஆண்டுகள் தங்கியிருக்கும். அது ராஸ்பெரியின் வேரிலும் ஏறும். நம்மவர் வீடுகளில் பின்வளவு என்றாலே கத்தரியும் தக்காளியும் மிளகாயும்தான் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். அவற்றைத் தொடாத நிலமாகப் பார்த்து நடுங்கள். நான் மேற்கு வேலியோரப் புல்லை வெட்டி எடுத்துவிட்டு அங்கே நட்டேன்.

கன்று என்று சொன்னாலும் கையில் கிடைத்தது மண் ஒட்டாத வேரும் அதன்மேல் பென்சில் தடிப்பில் ஒரு காய்ந்த குச்சியும் மட்டுமே. வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அரை மீட்டருக்கு ஒன்றாக நட்டேன். இங்குள்ள மண் களிமண். மாட்டெருவும் இலைமக்கும் கலந்து நிலத்தைவிட ஒரு சாண் உயர்த்தி மேடு கட்டியிருந்தேன். ஆனால் போயின் வரிசையின் கடைசி முனையில் எரு தீர்ந்துபோனதால் மேட்டைத் தாழ்வாக விட்டுவிட்டேன். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஜூலை மழையில் அங்கு நின்ற இரண்டு கன்றும் மஞ்சளாகிச் சாய்ந்தன. பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் தேயிலைச் சாயம்போலப் பழுப்பாகி, விரலால் உருவியதும் தோல் கழன்று வந்தது. ராஸ்பெரிக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் அதன் வேரடியில் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது.

மற்றவை நன்றாக வளர்ந்தன. ஒக்ரோபரில் போயின் தண்டுகள் என் தோளுயரத்தில் நின்றன. ஹெரிற்றேஜ் செப்ரெம்பரிலேயே நுனியில் இரண்டு கைப்பிடி பழம் காட்டியது. நவம்பரில், பனிக்கு முன் வளவைத் துப்புரவாக்கும் நாளில், இரண்டு வரிசையையும் நிலமட்டத்துக்கு வெட்டினேன். ராஸ்பெரியை இலையுதிர்ந்தபின் அடியோடு வெட்டலாம் என்று யாரோ சொன்னது மனத்தில் நின்றிருந்தது. எந்த வகையை என்று நான் கேட்கவில்லை.

2022 வசந்தத்தில் நிலத்தடியிலிருந்து குட்டிகள் முண்டியடித்து வந்தன. ஜூன் முழுதும் மொட்டைத் தேடினேன். போயின் வரிசையில் பச்சை இலை தவிர எதுவும் இல்லை. ஒரு மாலை தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து நின்ற அம்மா, நான் என்ன செய்தேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"குலை தள்ளிய வாழையைத்தானே தம்பி வெட்டுவோம்? குலை தள்ளாததை ஏன் வெட்டினாய்?"

அம்மா யாழ்ப்பாணத்து நீர்வேலியில் பிறந்தவர். சிவந்த மண்ணில் வாழைத் தோட்டத்துக்கு நடுவே வளர்ந்தவர். அவர் கேட்ட அந்த ஒரு கேள்விக்குள் ராஸ்பெரியின் முழுக் கணக்கும் அடங்கியிருந்தது. ராஸ்பெரியின் வேர் பல ஆண்டு வாழும். தண்டுக்கு ஆயுள் இரண்டு ஆண்டுதான். வாழையைப் போலவே, ஒரு தண்டு காய்த்து ஓய்ந்ததும் பக்கத்துக் குட்டி அதன் இடத்தைப் பிடிக்கிறது. வேறுபாடு குளிரில் இருக்கிறது. போயின் போன்ற கோடை வகையில், இந்த ஆண்டு முளைத்த தண்டு இந்த ஆண்டு வளர மட்டும் செய்யும். இலையுதிர்காலத்தில் பகல் சுருங்கிக் குளிர் ஏறும்போது அதன் கணுக்களில் பூவுக்கான அரும்பு உள்ளுக்குள் உருவாகும். பின்னர் நூற்றுக்கணக்கான மணி நேரம் குளிரில் உறங்கி எழுந்தால்தான் மறு கோடையில் அது பூக்கும். நான் நவம்பரில் வெட்டிப் போட்டது அந்த அரும்புகளைச் சுமந்த தண்டுகளை.

ஹெரிற்றேஜ் வேறு சாதி. முளைத்த ஆண்டிலேயே தண்டின் மேற்பாதியில் காய்த்துவிடும். அதை அடியோடு வெட்டினாலும் அடுத்த ஆண்டுக் குட்டி இலையுதிர்காலப் பழத்தைத் தந்துவிடும். அதனால்தான் ஒரே வெட்டு ஒரு வரிசையைக் காப்பாற்றி மற்றதை வெறுமையாக்கியது. நீங்கள் நடுவது எந்த வகை என்பதை எழுதி, செடிக்குப் பக்கத்தில் ஊன்றி வையுங்கள். கடைச்சீட்டு இரண்டு மழைக்குள் அழிந்துவிடும்.

அந்தச் செப்ரெம்பரில் ஹெரிற்றேஜ் வரிசை சிவந்து தொங்கியது. மகிழ்ச்சி ஒரு வாரம் நிலைத்தது. பறித்து மேசைமேல் வைத்த பழங்களில் மறுநாள் நீர் கசிந்தது. ஒன்றைப் பிட்டுப் பார்த்தால் நூல்போல வெள்ளைப் புழு. புள்ளிச் சிறகுப் பழ ஈ. கிழக்காசியாவிலிருந்து வந்த இது ஒன்ராறியோவில் 2010இல் முதலில் காணப்பட்டது. சாதாரணப் பழ ஈ அழுகிய பழத்தைத் தேடிப் போகும். இதன் பெண் ஈயோ, வால்முனையில் இருக்கும் அரம்போன்ற உறுப்பால் பழுத்துவரும் நல்ல பழத்தைக் கீறி உள்ளே முட்டையிடும். மருந்தடிக்க எனக்கு மனமில்லை. பழுத்ததை நாள்தோறும் பறித்து உடனே குளிர்பெட்டியில் வைப்பது, விழுந்த பழத்தை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பையில் கட்டி வெயிலில் போடுவது, இவ்வளவுதான் செய்கிறேன். ஹெரிற்றேஜில் ஐந்தில் ஒன்று இன்னும் போகிறது. ஜூலையில் காய்த்து முடிக்கும் போயினை இந்த ஈ பெரும்பாலும் எட்டுவதில்லை. இன்று ஒரு வகைதான் நடலாம் என்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே போயினை நடுவேன்.

2022 ஒக்ரோபரில் போயின் தண்டுகள் ஒவ்வொன்றிலும் அம்மா தன் பழைய சேலைக் கரையிலிருந்து கிழித்த சிவப்பு நாடாவைக் கட்டினார். சிவப்பு கட்டியதை அடுத்த ஜூலை முடியும்வரை தொடக் கூடாது. அடுத்த ஆண்டுக் குட்டிக்கு நீலம். பச்சைத் தண்டு எது, பழுப்பேறி மேற்றோல் உரிவது எது என்று கண்ணாலேயே பிரிக்கலாம்தான். ஆனால் முள்ளும் இலையும் பின்னிக்கிடக்கும் ஓகஸ்டில் நாடாவைப் பார்த்து வெட்டுவதே எனக்கு நிம்மதி.

அந்தப் பனிக்காலத்தில் முயல்கள் ஐந்து தண்டைக் கறித்துவிட்டன. பனி குவிந்ததும் அதன்மேல் ஏறி நின்று உயரத்தில் கடிக்கின்றன. இப்போது நவம்பரிலேயே கோழிக்கூட்டுக் கம்பிவலையை இடுப்பளவுக்குச் சுற்றிவிடுகிறேன்.

2023 ஜூனில் வேறொரு காட்சி. ஓர் இளந்தண்டின் நுனி மட்டும் தலைகுனிந்து வாடியிருந்தது. குனிந்து பார்த்தேன். வாடலுக்குக் கீழே, ஊசியால் வரிசையாகக் குத்தியதுபோல இரண்டு வளையங்கள், தண்டைச் சுற்றிலும். இரண்டுக்கும் இடையே ஒரு சென்ரிமீற்றர் இருக்கும். ஒரு மெல்லிய கரிய வண்டு, கழுத்துப் பகுதி செம்மஞ்சள், இப்படிக் கடித்து வைத்து நடுவில் ஒரு முட்டையிடுகிறது. குஞ்சுப்புழு தண்டுக்குள் கீழ்நோக்கித் துளைத்துக்கொண்டே போய், விட்டுவிட்டால் அடிவரை இறங்கிவிடும். கீழ் வளையத்துக்கு நாலு விரல் தாழ வெட்டி, வெட்டிய துண்டைக் குப்பைக்குள் போட்டேன். இரண்டு வாரத்தில் மொத்தம் ஏழு நுனி. ஜூனில் நாள்தோறும் ஒரு தடவை வரிசையைச் சுற்றிவந்தாலே போதும், வேறு வைத்தியம் தேவைப்படவில்லை.

அந்த ஜூலை 9ஆம் திகதி முதல் போயின் பழம். பழுத்ததை இழுக்க வேண்டியதில்லை; விரல் பட்டதும் கழன்று வருகிறது. காம்பில் வெள்ளைக் கூம்பு ஒன்று நின்றுவிட, கையில் வருவது உள்ளே குடைவான ஒரு சிறு கிண்ணம். இழுத்துத்தான் வருகிறது என்றால் இன்னும் ஒரு நாள் விட வேண்டும், செடியை விட்டபின் அது இனிக்காது. ஒவ்வொரு பழமும் பல சிறு மணிகள் சேர்ந்த திரள். ஒவ்வொரு மணியும் பூவில் தனித்தனியே மகரந்தம் பட்டு உருவானது. வண்டும் தேனீயும் வராத மழை நாளில் பூத்தவை, மணிகள் குறைந்து கையிலேயே உதிர்ந்தன. அம்மா முதல் பழத்தை வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "புளிப்பு முன்னால் வருகிறது, வாசம் பின்னால் வருகிறது" என்றார். அந்த ஆண்டு ஒன்றரைக் கிலோ.

இந்த ஆண்டு பெரிதாக எதையும் மாற்றவில்லை. இரண்டு மரக்கட்டை ஊன்றி முழங்காலுக்கு மேலொன்று, மார்பளவில் ஒன்று எனக் கம்பி இழுத்துத் தண்டுகளைக் கட்டினேன். ஏப்ரலில் மெலிந்தவற்றை நீக்கி, ஒரு மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு தண்டு மட்டும் விட்டேன். அவற்றை நீக்கும்போது மனம் வரவில்லை, ஆனால் காற்றோட்டம் இல்லாவிட்டால் பழத்தில் சாம்பல் பூசணம் பிடிக்கும். ஓகஸ்டில், காய்த்து முடித்த நாடாக்காரத் தண்டுகளை வெட்டினேன்.

குட்டிகள் வேலிக்கு அடியால் புகுந்து பக்கத்து வீட்டுப் புல்தரையில் தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றன. அடுத்த மே மாதம் நிலத்துக்குள் தகடு இறக்க வேண்டும். மாமா வீட்டுக்கென்று நாலு போயின் குட்டியை வேரோடு அம்மா சாடியில் எடுத்து வைத்திருக்கிறார். நாலிலும் இப்போதே நாடா கட்டியாயிற்று.