ஹியரிங் எய்டோட வயலின் வாசிக்கிறது: மியூசிக் ப்ரோக்ராம் செட் பண்ணின கதை

ஹியரிங் எய்ட் மாட்டினதும் பேச்சு தெளிவா கேக்குது, ஆனா பாட்டு போட்டா தகர டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு, வாத்தியத்தைக் கையில எடுத்தா அதைவிட மோசம்னு சொல்றவங்களுக்காக இதை எழுதுறேன். எனக்கு ரெண்டு காதுலயும் உள்காது பிரச்சனை, கீழ் ஸ்தாயி ஓரளவு கேக்கும், 2000 ஹெர்ட்ஸ் தாண்டினா சரசரன்னு இறங்கிடும். வாசிக்கிறது வயலின்.

முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது, இந்த மெஷினை செஞ்சதே பேச்சுக்காகத்தான். சாதாரணப் பேச்சு 65 டெசிபெல் பக்கம் இருக்கும். வயலின் இடது காதுக்குக் கீழயே இருக்கறதால கொஞ்சம் அழுத்தி வில்லு போட்டாலே அந்தக் காதுல 90 தாண்டிடும். மைக்குல வர்ற சத்தத்தை டிஜிட்டலா மாத்துற இடத்துல ஒரு உச்சவரம்பு இருக்கு, நிறைய மெஷின்ல, குறிப்பா பழசுல, பெரிய சத்தம் அங்கயே முட்டி நசுங்கிடுது. அங்க நசுங்கினதுக்கு அப்புறம் வால்யூமைக் குறைச்சு என்ன பிரயோஜனம், அதே கரகரப்பு சின்னதா கேக்கும், அவ்ளோதான். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, மைக் ஓட்டை மேல சின்னதா செலோடேப் ஒட்டிட்டு வாசிச்சுப் பாருங்க. உள்ள போற சத்தம் சுமாரா 10 டெசிபெல் குறையும். கரகரப்பு போயிட்டா பிரச்சனை அங்கதான்னு அர்த்தம். எனக்குப் பாதி போச்சு.

மீதிப் பாதிதான் பெரிய தலைவலி. ஏ கம்பியில நீளமா ஒரு வில்லு இழுத்தா பின்னாடியே இன்னொரு சுருதி நடுங்கிக்கிட்டே கூட வரும், வில்லை எடுத்த பிறகும் ஒரு நொடி அது மட்டும் தனியா கேக்கும். காதை சோதிச்சு மெஷினை செட் பண்ற ஆடியாலஜிஸ்ட்கிட்ட வாயால சொன்னப்போ "பழகிடும்"னு பதில் வந்துச்சு. எனக்கு அந்தப் பதிலே பிடிக்காது. அடுத்த தடவை வயலினையே தூக்கிக்கிட்டுப் போய் அந்த ரூம்லயே வாசிச்சேன், லேப்டாப்போட மெஷின் கனெக்ட் ஆகி இருக்கறப்பவே ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணச் சொன்னேன். ஃபீட்பேக் கேன்சலரை ஆஃப் பண்ண உடனே அந்த நடுக்கம் நின்னுடுச்சு. மெஷின் தானா வீல்னு கத்துறதைத் தடுக்கத்தான் அந்த வசதி, ஆனா வயலின், புல்லாங்குழல் மாதிரி நீட்டி வர்ற சுத்தமான ஸ்வரத்தையும் அது விசில்னு நினைச்சு அடிச்சுத் தள்ளப் பாக்குது.

இதே மாதிரி சத்தக் குறைப்பும், நீளமா வர்ற எதையும் ஃபேன் சத்தம்னு முடிவு பண்ணி மெல்ல அமுக்கிடும், அதையும் எடுத்தாச்சு. அதைவிட முக்கியம் ஃப்ரீக்வென்சி லோயரிங். நமக்குக் கேக்காத உயர் ஒலிகளைக் கீழ இறக்கிக் குடுக்குற வசதி, பேச்சுல 'ஸ', 'ஷ' கேக்க உதவும், ஆனா சங்கீதத்துல ஒரு ஸ்வரத்தோட கூடவே வர்ற மேல் ஒலிகள், அதாவது ஹார்மோனிக்ஸ் எல்லாம் இடம் மாறி உக்காந்துக்கும். சுருதி காட்டுற ட்யூனர்ல முள்ளு நடுவுல நிக்குது, காதுக்கு அபஸ்வரம். யாரைத்தான் நம்புறது? டைரக்ஷனல் மைக்கை எல்லாப் பக்கமும் கேக்குற மாதிரி மாத்தி, சின்ன சத்தத்தை ஏத்தி பெரிய சத்தத்தை அமுக்குற கம்ப்ரஷனை மெதுவாக்கி, இதெல்லாத்தையும் தனி ப்ரோக்ராமா சேவ் பண்ணி வாங்கிட்டேன். பேச்சுக்கு ஒண்ணு, மியூசிக்குக்கு ஒண்ணு. கேன்சலர் இல்லாததால சில சமயம் விசில் அடிக்கத்தான் செஞ்சுது, உயர் ஒலியை மெஷின் ஏத்துற அளவை, அதாவது கெயினைக் கொஞ்சம் குறைச்சு, இடது காதுக்குள்ள அடைச்சு உக்கார்ற மாதிரி அளவெடுத்து செஞ்ச மோல்டு போட்ட பிறகு அடங்கிச்சு.

ப்ளூடூத்துல பாட்டு கேட்டா பேஸ் சுத்தமா இல்லையேன்னு கேக்குறவங்க காதுக்குள்ள போற மெஷினோட ரப்பர் முனை, அதாவது உங்க டோமைப் பாருங்க. ஓட்டை உள்ள டோம்ல கீழ் ஒலி எல்லாம் வெளிய ஒழுகிடும். எனக்கு மெஷின் மேலயே, காதை முழுசா மூடுற பெரிய ஹெட்ஃபோன் வச்சு மியூசிக் ப்ரோக்ராம்ல கேக்குறது ஸ்ட்ரீமிங்கைவிடப் பிடிச்சிருக்கு.

செட்டிங்கால தீராத ஒண்ணும் இருக்கு. ஒரே ஸ்வரம் ரெண்டு காதுல ரெண்டு சுருதியா கேக்குறது. இதுக்கு நான் செய்றது, கிளிப் ட்யூனர்ல ஏ கம்பியை மட்டும் சரி பண்ணிக்குவேன், அது அதிர்வைத்தான் எடுக்குது, சத்தத்தை இல்ல. அப்புறம் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து இழுத்துட்டு தாடையை வயலின்ல தாடை வைக்கிற சின்ரெஸ்ட்ல நல்லா பதிச்சுக்குவேன். சுருதி விலகி இருந்தா தாடையில, காரை எலும்புல படபடன்னு ஒரு அடிப்பு தெரியும், முறுக்க முறுக்க அது மெதுவாகி, சரியான இடத்துல நின்னுடும். காது நல்லா இருந்த காலத்துல இது எனக்குத் தெரியவே தெரியாது.

நான் வாசிக்கிறேன்னு தெரிஞ்சா எல்லாரும் பீத்தோவன் பேரைத்தான் எடுப்பாங்க. அவர் மனசுக்குள்ள கேட்டு எழுதினவர், 1824ல ஒன்பதாவது சிம்ஃபனி அரங்கேறுனப்போ அவருக்குக் காது கிட்டத்தட்ட முழுசா போயிருந்துச்சு, பெரிய விஷயம்தான், ஆனா நாளைக்கு ரிகர்சலுக்குப் போறவனுக்கு அதுல என்ன இருக்கு. ஸ்காட்லாந்து தாளவாத்தியக் கலைஞர் எவலின் க்ளெனியைப் பாருங்க, சின்ன வயசுலயே கேள்வித்திறன் போனவங்க, வெறுங்கால்ல நின்னு அதிர்வை உடம்பால வாங்கி வாசிக்கிறாங்க.

குழுவா வாசிக்கும்போது மத்தவங்க வில்லு கண்ணுக்குத் தெரியுற இடமா உக்காந்துக்குவேன், டிரம்ஸ் பக்கத்துல உக்கார மாட்டேன். மிச்சம் இருக்குற காதையும் காப்பாத்தணும் இல்லையா, 85 டெசிபெல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும் கேக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும், 94 ஆனா 1 மணி நேரம்தான். மெஷினை ஆஃப் பண்ணிட்டா காது அடைச்ச மாதிரின்னு நினைக்காதீங்க, ஓட்டை டோம் வழியா சத்தம் உள்ள போய்க்கிட்டேதான் இருக்கும்.

ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கிற காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி வச்சவங்களுக்குக் கதையே வேற, தாளம் நல்லா பிடிபடும், சுருதிதான் கஷ்டம், அதை அனுபவிச்சவங்க எழுதினாதான் சரியா இருக்கும். எனக்கு இன்னும் ஈ கம்பியோட உச்சியில என்ன வாசிக்கிறேன்னு கேக்குறதில்ல, அங்க விரல் கணக்குதான், கூட வாசிக்கிறவங்க முகத்தைப் பார்த்து சரி பண்ணிக்கிறேன்.