ரவைத் தெரிவுக் கேள்விக்கு நான் படித்த விதம்

கைத்துப்பாக்கி சுடும் பரீட்சையின் முடிவு வந்துவிட்டது. எழுத்து, றேஞ்ச் (சுடுதளம்) இரண்டிலும் தேறிவிட்டேன், இப்போதுதான் மூச்சு வருகிறது. திருகோணமலையிலிருந்து அடுத்த முறை போகிற தம்பி தங்கைகள் கேட்பதால் ரவைத் தெரிவுப் பகுதியைப் பற்றி, அதாவது யாருக்கு எந்த ரவை (தோட்டா) பொருந்தும் என்ற கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பாதுகாப்பு விதிகளை எல்லாரும் கரைத்துக் குடித்துவிடுகிறார்கள். புள்ளி போவது இங்கேதான்.

எங்களுக்குக் கிடைத்த குறிப்பில் ரவை, வேகம், சக்தி என்று நீளமான அட்டவணை. பாடமாக்கச் சொன்னார்கள். அதில் வீணான இரவுகளை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. குண்டின் (ரவையிலிருந்து பறந்து போகும் முனையின்) திணிவை வேகத்தால் பெருக்குங்கள், போதும். உயர்தரத்தில் படித்த அதே உந்தம்தான், துவக்கு கையைப் பின்னால் தள்ளும் உதையை அது காட்டிவிடும்.

.22 லோங் றைபிள் குண்டு பொதுவாக 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். பிஸ்டலில் செக்கனுக்கு 300 மீற்றர் அளவில் போகும். பெருக்கினால் 780. 9 மி.மீ. ரவையில் 124 கிரெய்ன் குண்டு 8 கிராம், வேகம் 350 அளவில். பெருக்கினால் 2800. துவக்கின் எடை ஒன்றானால் கைக்கு வரும் உதை ஏறக்குறைய மூன்றரை மடங்கு. இதை எழுதிக் காட்டிவிட்டு, பொழுதுபோக்காகக் குறிசுடப் பழகுகிறவருக்கு .22 என்று முடியுங்கள். உதைக்குப் பயந்து, சுடுமுன்பே மணிக்கட்டை இறுக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் இலேசில் போகாது. .22 விலையும் குறைவு, நிறையச் சுட்டுப் பழகலாம்.

மற்றவை:

- .22இல் ஸ்டாண்டர்ட் வெலோசிட்டி (சாதாரண வேக ரவை) போதும். 25 மீற்றருக்கு ஹை வெலோசிட்டியால் (கூடிய வேக ரவையால்) தனி இலாபமில்லை. ஆனால் சில செமி ஓட்டோ (அடுத்த ரவையைத் தானே ஏற்றும்) பிஸ்டல்களில் வலு குறைந்த ரவை, பின்னால் நகரும் மேற்பகுதியான ஸ்லைடை முழுதாகத் தள்ளாது. கையேட்டைப் பாருங்கள்.
- .38 ஸ்பெஷல் வொட்கட்டர்: தட்டை முனை. கடதாசியில் வட்டமாக வெட்டும், புள்ளி பார்ப்பது சுலபம். ரிவோல்வர் விரும்பிகளுக்கு இதைத்தான் சொல்வேன்.
- சர்வதேச 25 மீற்றர் சென்டர்ஃபயர் (தீமூட்டி அடியின் நடுவில் உள்ள ரவை) போட்டிக்கு விட்டம் 7.62 முதல் 9.65 மி.மீ. வரை. .45 அதைவிடப் பெரிது, அதற்குள் வராது.
- .22 ரவையின் சுட்ட வெற்றுக் கோதுகளை வழமையாக மீள நிரப்புவதில்லை. தீமூட்டும் மருந்து விளிம்புக்குள் இருக்கிறது.
- சேமிப்பு: நம்மூர் உப்புக்காற்றில் பித்தளை பச்சை பிடிக்கும். ஈரமில்லாத, இறுக மூடும் பெட்டி.
- சுட்டபின் கை கழுவாமல் சாப்பிட வேண்டாம். ஈயம்.

கணக்குப் போட்டால்தான் எனக்கு மனம் அமைதியாகும், அதனால் இந்த வழி. பரீட்சைக்குக் கொழும்புக்கு முதல்நாளே போய்விடுங்கள். இரவு ரயிலில் வந்து இறங்கிய கையோடு றேஞ்சில் நின்றால் எந்த ரவையும் கைகொடுக்காது.