சம்பளம் அங்கே, வீடு இங்கே

சிங்கப்பூருக்கு எதிரே மலேசியப் பக்கம் இருக்கும் ஜொகூர் பாருவில் யாரிடமாவது சிங்கப்பூர் வேலை பற்றிப் பேச்செடுத்தால் போதும், உடனே மூன்றால் பெருக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. இரண்டாயிரம் வெள்ளி என்றால் ஆறாயிரம் ரிங்கிட்டைத் தாண்டுகிறதே! 1973 வரை இரண்டு பணமும் ஒன்றுக்கு ஒன்று மாறின என்று சொன்னால் இன்றைய பையன்கள் நம்ப மாட்டார்கள். பெருக்கல் சரிதான். அதற்குள் அடங்காத விஷயங்கள் எனக்குப் பிடிபடத்தான் பல வருஷம் ஆனது.

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வீடு ஜொகூர் பக்கம், மாசாயில். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்ட வேண்டும். 1924இல் திறந்த அந்தக் கடற்பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம், நடந்தாலே கால் மணி நேரம். ஆனால் காலை ஷிஃப்டுக்கு நான்கு மணிக்கு எழுந்தால்தான் நிம்மதி. ஐந்தரைக்கு மேல் போனால் முன்னால் ஆயிரக்கணக்கில் ஹெல்மெட்கள்; மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். வேலை நேரத்தில் சேராத இந்த நேரத்துக்கு யாரும் ஓ.டி. (கூடுதல் நேரச் சம்பளம்) போட்டுத் தருவதில்லை.

வேலையிடத்தைப் பற்றிக் குறை சொன்னால் பாவம். சம்பளம் சொன்ன தேதியில் வருகிறது. கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதை நினைவூட்டவும் வேண்டியதில்லை. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் உள்ளே நுழைந்தால் மேனேஜராக இருந்தாலும் நிறுத்திவிடுவார்கள். நான் முன்பு ஜொகூர்ப் பக்கம் பார்த்த வேலைகளில் இந்த மூன்றுமே சூப்பர்வைசரின் மனநிலையைப் பொறுத்தது.

என் பக்கத்து மேசையில் ஒரு சிங்கப்பூர்த் தமிழ் அக்கா. அடிப்படைச் சம்பளம் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சம்பளச் சீட்டைப் பார்த்தால் கைக்கு வருவது எனக்கு அதிகம். அவருடைய சம்பளத்தில் 20 விழுக்காடு மத்திய சேமநிதிக்கு, அதாவது சிங்கப்பூரின் கட்டாயச் சேமிப்புக்கு, பிடிக்கிறார்கள். ரொம்ப நாள் எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை. ஒரு நாள் அவரே விளக்கினார்: “தம்பி, என் காசு எங்கயும் போகல. கம்பெனி இன்னொரு 17 விழுக்காடு போடுது. என் வீட்டுத் தவணை அதிலிருந்துதான் போகுது.” அவருடையது வீவக (அரசு வீட்டு வசதிக் கழக) அடுக்குமாடி, 99 வருஷக் குத்தகை. கைக்கு வரும் பணத்திலிருந்து தவணைக்காக மாதம் எதுவும் எடுத்து வைப்பதில்லை.

வெளிநாட்டவருக்கான வேலை பெர்மிட்டில் இருக்கும் எனக்கு அந்தச் சேமநிதி கிடையாது. சரி, ஜொகூரிலேயே இருந்திருந்தால்? என் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 12 அல்லது 13, மலேசியாவின் ஊழியர் சேமநிதியில் சேர்ந்திருக்கும். நான் நடுவில் நிற்கிறேன். இரண்டு பக்கத்துச் சேமநிதியிலும் யாரும் எனக்காகப் பணம் போடுவதில்லை. சிங்கப்பூர் வாழ்க்கைத் தரம் என்று எல்லோரும் வியப்பது அந்த வீடும் சேமநிதியும் மானியத்தோடு கிடைக்கும் பாலிகிளினிக் எனும் அரசு மருத்துவ நிலையமும்தான். அவை குடியுரிமையோ நிரந்தரவாசமோ இருப்பவர்களுக்கு வருபவை. பாலம் தாண்டி என்னோடு வருவது சம்பளம் மட்டும்.

இந்தப் பக்கத்துக் கணக்கும் உண்டு. மகளுக்குக் காய்ச்சல் என்றால் அரசு கிளினிக்கில் ஒரு ரிங்கிட். அரை நாள் போய்விடும், அது வேறு. தரை வீடு, வாசலில் முருங்கை, அம்மா கூடவே இருக்கிறார். மகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள், கணக்கையும் தமிழில்தான் போடுகிறாள். அக்கா இதைக் கேட்டு வியந்தார். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. ஆனால் பள்ளியில் அது ஒரு பாடம், மற்றதெல்லாம் ஆங்கிலம். தைப்பூசத்துக்கு ஜொகூரில் பொது விடுமுறை. சிங்கப்பூர் அதை 1968இல் விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதனால் வீட்டில் எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பும் நாளில் நான் விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும்.

விடுமுறை என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். 2014 முதல் 2024 முடியும் வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். எனக்கோ சனி, ஞாயிறு. மகளுக்குப் பள்ளி இல்லாத வெள்ளிக்கிழமை நான் பாலத்தில். நான் வீட்டில் படுத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை அவள் சீருடையில். குடும்பம் மொத்தமும் சேர்ந்து இருந்தது சனிக்கிழமைதான், அதுவும் ஓ.டி. இல்லாவிட்டால். 2025 ஜனவரியில் சனி, ஞாயிறாக மாற்றினார்கள். சம்பளம் ஒரு காசு கூடவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்த வருஷம்தான் வாழ்க்கை வசதியானது என்று மனைவி சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அப்புறம், ஜொகூர் மலிவு என்று சொல்பவர்கள் வெள்ளியில் சம்பாதிப்பவர்கள். வார இறுதியில் சிங்கப்பூர்க்காரர்கள் வந்து முடி வெட்டி, பல் பார்த்து, கார் கழுவி, தள்ளுவண்டி நிறைய சாமான் வாங்கிப் போகிறார்கள். நானும் அதே வெள்ளியைத்தான் இங்கே கொண்டுவந்து செலவழிக்கிறேன். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்தில் கடையில் நிற்கும் என் பக்கத்து வீட்டுப் பையனுக்கு வாடகை ஏறுவதில் என் பங்கும் இருக்கிறது. அவன் இதற்காக என்னைக் கோபித்துக்கொண்டதில்லை, அவனும் பெர்மிட்டுக்குத்தான் அலைகிறான்.

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை கட்டியிருக்கும் ரயில் பாதை நான்கு கிலோமீட்டர், ஐந்து நிமிடப் பயணம். இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடியும்படி திட்டம். தூக்கம் கொஞ்சம் மிச்சமாகலாம். புக்கிட் சாகார் வரை மாசாயிலிருந்து எப்படிப் போவது என்பதுதான் எங்கள் பேச்சு இப்போது.

புதிதாக வரும் பையன்கள் என்னிடம் எந்த ஏஜெண்ட், எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். நான் ஒன்று கேட்பேன்: ஊழியர் சேமநிதியில் மாதம் எவ்வளவு நீயாகக் கட்டப் போகிறாய்? விருப்பத்தின் பேரில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை கட்டலாம். “பார்க்கலாம் அண்ணே” என்பார்கள். முதல் வருஷ முடிவில் பெரும்பாலும் ஒரு பெரிய பைக் வாங்கியிருப்பார்கள்.